தேன்மொழி வைத்துக்கொண்ட ஆமைகள்

மகன் கவின் போய்ப் பதினோராவது மாதம், பெரிய பெண் ஆமை மூன்று நாளாகத் தீனியைத் தொடவில்லை. தொட்டியின் ஓரத்தில் முன்னங்கால்களை ஊன்றி ஏறப் பார்த்தது. வழுக்கி விழுந்தது. மறுபடி ஏறியது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தேன்மொழி அந்தச் சத்தத்தை வெகுநேரம் கேட்டும் கேட்காதவளாக நின்றாள். கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் பின்கட்டுக்குப் போனாள்.

ஜொகூரில், பத்து பாகாட் ஊருக்கு வெளியே உள்ள தாமான் குடியிருப்பில் அவர்களுடைய வீடு. பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தை ஒட்டி நான்கு தொட்டிகள். மூன்றில் பெண் ஆமைகள், ஒன்றில் ஆண். எல்லாம் கவினுடையவை. மஸ்க் ஆமை என்பான். உள்ளங்கை அளவு, கறுத்த ஓடு, முகத்தில் இரண்டு மஞ்சள் கோடுகள். பயந்தால் ஒரு கெட்ட வாடை விடும். பள்ளிக்கூடம் முடித்த வருஷத்திலிருந்து அவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்ப்பவர்களுக்குக் கொடுத்து வந்தான். பிறகு தாய்லாந்தில் ஓட்டல் வேலை என்று ஒரு கூட்டாளி சொல்ல, இருபத்து நான்கு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா தீனி, வாரத்துக்கு ஒருக்கா தண்ணி, அவ்ளோதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று வாரம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன் வந்தது. கவின்தான். குரலை அடக்கிப் பேசினான். எல்லை தாண்டி எங்கேயோ கொண்டு போய்விட்டார்கள், ஓட்டலும் இல்லை ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஆட்களை ஏமாற்றச் சொல்கிறார்கள், வெளியே விடமாட்டேன் என்கிறார்கள், போலீசில் சொல்லுங்கள் என்றான். அதற்குள் லைன் அறுந்துபோனது. அந்த எண்ணை தேன்மொழி எத்தனையோ முறை அழைத்துப் பார்த்தாள். அணைத்து வைத்திருப்பதாகத்தான் ஒவ்வொரு முறையும் சொன்னது.

அவளும் அவள் புருஷன் கமலநாதனும் போலீஸ் பாலாயில் புகார் கொடுத்தார்கள். அதே நிலையில் இருந்த மற்றப் பெற்றோர்களோடு கோலாலம்பூருக்குப் போய், பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். மற்றத் தாய்மார்கள் அழுதார்கள். தேன்மொழிக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. படத்தைப் பிடித்திருந்த கை மட்டும் மரத்துப்போயிருந்தது. மறுநாள் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டாள். துணி ஆலையில் அவளுக்குப் பரிசோதனை வேலை. விளக்குப் பலகை மேல் துணி ஓடும். இழை அறுந்த இடத்தில், சாயம் திட்டாக விழுந்த இடத்தில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். பதினோரு மாதமாக ஒரு குறையைக்கூட அவள் தவற விட்டதில்லை. மேற்பார்வையாளர் அதைச் சொல்லிப் பாராட்டியபோது, "அப்படியா" என்றாள்.

இப்போது தீனி தின்னாத ஆமையை என்ன செய்வது என்று தெரியவில்லை. தீனி டப்பாவின் மேல் கடையின் பெயரும் போன் எண்ணும் ஒட்டியிருந்தன. டவுனில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் நவ்சாத். கவினிடம் குஞ்சுகள் வாங்கிக்கொண்டிருந்தவன். தேன்மொழி அவனை அழைத்து யாரென்று சொன்னாள்.

"கவின் அம்மாவா? சொல்லுங்கக்கா."

"பெரிய ஆமை சாப்பிட மாட்டுது. வெளிய வரப் பார்க்குது. சாவுறதுக்கா?"

"சாவுறதுக்கு இல்லக்கா. முட்டை போட எடம் தேடுது. மணல் பெட்டி வெச்சிக் கொடுங்க."

"ஆம்பளைய தனியாத்தானே வெச்சிருக்கு. வருஷம் ஆகப்போகுதே."

நவ்சாத் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அது... ஒரு தடவ சேர்ந்தா போதும்கா. ரொம்ப நாளைக்கு உள்ளயே பத்திரமா வெச்சிக்கும். அப்புறமா எப்பவாச்சும் போடும்."

வீட்டுக்குப் பின்னால் மதில் கட்டியதில் மிஞ்சிய மணல் அரை மூட்டை கிடந்தது. அதைப் பழைய துணிக்கூடையில் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஆமையை மேலே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது மணல் ஒரு மூலையில் அழுந்திக் கிடந்தது. ஆமை மறுமூலையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. விரலால் தோண்டினாள். நான்கு முட்டைகள். சுண்டுவிரலின் மேல் பாதி அளவு, நீளவாக்கில், பீங்கான் மாதிரி வெள்ளையாக இருந்தன.

மணல் ஒட்டியிருந்தது. குழாயடியில் வைத்து நன்றாகக் கழுவினாள். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, கோழி முட்டை வைக்கும் அட்டையில் அடுக்கிப் படம் எடுத்து நவ்சாத்துக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"அலமாக், அக்கா! கழுவிட்டீங்களா?"

"மண்ணா இருந்திச்சி."

"போட்ட முட்டைய புரட்டக் கூடாதுக்கா. எது மேல் பக்கமா இருந்திச்சோ அப்படியே எடுத்து வெக்கணும். உருட்டினா உள்ள இருக்கிறது செத்துப் போயிரும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பரவால்ல லா. வெச்சிப் பார்ப்போம். ஒண்ணு ரெண்டு தேறலாம்."

ஒன்றும் தேறவில்லை. மூன்றாம் வாரம் அட்டையிலிருந்து வாடை வந்தது. தேன்மொழி நான்கையும் கறிவேப்பிலைச் செடியின் அடியில் புதைத்தாள். தன்னால்தான் கெட்டது என்று தெரிந்தது. அது மனசை எங்கேயும் தொடவில்லை. கை கழுவிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கமலநாதனின் அக்கா காளியம்மா சாஆ என்ற ஊரிலிருந்து வந்தாள். பின்கட்டைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. "வீட்டுக்குள்ள இதுங்கள வெச்சிக்கிட்டு பிள்ளையக் காணோம் காணோம்னா எப்படி? மொதல்ல இதத் தூக்கி வெளிய போடுங்க. அப்புறம் பாருங்க" என்று தம்பியிடம் சொன்னாள். பகல் சாப்பாடு முடிந்து அவள் கிளம்பிப் போனதும், கமலநாதன் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வாசலில் நின்ற வேனில் வைத்தான்.

அவன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவன். அதிர்ந்து பேசாத ஆள். மூன்று தொட்டிகளை ஏற்றும்வரை தேன்மொழி கதவோரம் நின்று பார்த்தாள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"ஆத்துல விட்டுட்டு வந்திர்றேன்."

"எறக்கி வைங்க."

கமலநாதன் நான்காவது தொட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றான். தண்ணீர் தளும்பி அவன் சட்டையை நனைத்தது. "அவன் வரமாட்டான் தேனு" என்றான். இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் யாரும் அதை வாய் விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகு அவனுக்கே அது பெரிதாகிவிட்டது. தொட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டு வேனின் படியில் உட்கார்ந்துவிட்டான்.

தேன்மொழி வேனுக்குள் கையை நீட்டி ஒரு தொட்டியை இழுத்தாள். "இதுங்க இந்த ஊர் ஆமை இல்ல. ஆத்துல விடக் கூடாதாம். நவ்சாத் சொன்னிச்சி" என்றாள். மூன்றையும் இறக்கித் திரும்பவும் பின்கட்டில் வைத்தாள். கமலநாதன் வெகுநேரம் கழித்து எழுந்து வந்து நான்காவதைக் கொண்டு வைத்தான். சட்டையை மாற்றிக்கொண்டான்.

ஐந்து வாரம் போனது. அதே ஆமை மறுபடி தீனியை விட்டது. இந்தத் தடவை தேன்மொழி விடுமுறை எடுத்துக்கொண்டு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். ஆமை பின்னங்கால்களால் மணலைப் பறித்தது. ஒரு காலால் தோண்டி, மறுகாலால் தள்ளி, அவசரமே இல்லாமல் செய்தது. முட்டை விழுந்ததும் பின்காலாலேயே அதை ஒதுக்கி வைத்தது. மூன்று முட்டைகள். மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

தேன்மொழி பென்சிலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் சின்னக் கோடு போட்டாள். கோடு மேலே இருக்கும்படியே எடுத்து, ஈரமான தேங்காய் நார்த்தூள் நிரப்பிய டப்பாவில் பாதி புதைத்தாள். டப்பாவை மீன்காரர்கள் ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளைப் பெட்டிக்குள் வைத்தாள். தனியாகச் சூடு காட்ட வேண்டாம், ஜொகூர் வெக்கையே போதும், இருபத்தெட்டு டிகிரியில் நின்றால் சரி என்று நவ்சாத் சொல்லியிருந்தான். வீட்டில் வெயில் படாத அறை கவினுடையதுதான். அவன் கட்டிலுக்கடியில் பெட்டியைத் தள்ளினாள். அவன் போனதிலிருந்து அந்த அறையைப் பெருக்குவதற்கு மட்டும் திறந்தாள். இப்போது தினம் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. காலையில் ஒரு தடவை, வேலை விட்டு வந்து ஒரு தடவை.

நாலாம் நாள் முட்டைகளின் நடுவில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு பட்டை தெரிந்தது. கரு பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு மாதம் கழித்து, எடுக்காமல் அப்படியே பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பாக இழை இழையாக நரம்புகள். ஒரு முட்டைக்குள் ஏதோ அசைந்தது. ஆலையில் விளக்குப் பலகை மேல் துணியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். மூன்றும் சரியாக இருக்கின்றன, குறை இல்லை. டார்ச்சை அணைத்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.

கவின் போய்ப் பதினைந்து மாதம் ஆனபோது, ஒரு புதன்கிழமை, வேலை நேரத்தில் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கோலாலம்பூரில் பெற்றோர்களுக்கு உதவி செய்துகொண்டிருந்த ஷஹீரா என்ற பெண் போனில் இருந்தாள்.

"அம்மா, உக்காந்திருக்கீங்களா? பிள்ளைங்கள அடைச்சி வெச்சிருந்த எடத்தத் தொறந்து விட்டுட்டாங்க. நம்ம பிள்ளைங்க பதினொரு பேர் வெளிய வந்துட்டாங்க. கவின் பேர் இருக்கு. நானே ரெண்டு தடவ பார்த்துட்டேன்."

"சரிம்மா" என்றாள் தேன்மொழி.

"அம்மா, கேக்குதா? கவின் வர்றாரு."

"கேட்டிச்சிம்மா. நன்றி."

போனை வைத்தாள். என்ன விஷயம் என்று ஆபீஸ் பெண் கேட்டதற்குச் சொன்னாள். அந்தப் பெண் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைத் தேன்மொழி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் இடத்துக்குப் போய், பாதியில் விட்ட துணிச் சுருளை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினாள். கமலநாதனிடம் சொன்னபோது அவன் லாரியை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஓவென்று அழுதது போனில் கேட்டது. அவளும் அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை.

ஒன்பது நாள் கழித்து, மத்தியானம், விமான நிலையத்தில் அவனைப் பார்த்தார்கள். பாதியாக இளைத்திருந்தான். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். "அம்மா" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் வந்து நின்றான். மற்றக் குடும்பங்கள் கட்டிப்பிடித்துக் கதறின. தேன்மொழி அவன் கையை எடுத்துப் பார்த்தாள். நகங்கள் தோலோடு ஒட்டக் கடிக்கப்பட்டிருந்தன. "வா, போலாம்" என்றாள்.

வழியில் பாகோ நெடுஞ்சாலை ஓய்விடத்தில் சாப்பிட நிறுத்தினார்கள். கவின் இடது கையைத் தட்டைச் சுற்றி வளைத்து வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் வேகவேகமாகத் தின்றான். கமலநாதன் தன் கோழித்துண்டை அவன் தட்டில் வைக்கக் கையை நீட்டினான். கவின் வெடுக்கென்று பின்னால் சாய்ந்தான். நாற்காலி கிரீச்சிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்லடா, அப்பாதான்" என்றான் கமலநாதன். துண்டு அவன் கையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்தும் கவின் தன் அறையில் படுக்கவில்லை. கூடத்தில் பாய் போட்டு, வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தான். பின்கட்டுப் பக்கம் போகவில்லை, ஆமைகளைப் பற்றிக் கேட்கவும் இல்லை. காளியம்மா வந்தாள். பக்கத்துத் தெரு ஆட்கள் பழங்களோடு வந்தார்கள். "இப்பத்தானே உங்களுக்கு உயிர் வந்திருக்கும்" என்று தேன்மொழியிடம் சொன்னார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

முட்டை வைத்து எழுபத்தேழாவது நாள் சனிக்கிழமை. காலையில் பெட்டியைத் திறந்தபோது ஒரு முட்டையின் முனையில் ஓடு விரிந்திருந்தது. ஓட்டைக்குள் கறுப்பாக ஒரு மூக்கு. தேன்மொழி கூடத்துக்கு வந்தாள். கவின் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு ஒடச்சிருக்கு. வந்து பாரு."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெல்ல எழுந்து அவள் பின்னால் வந்து அறை வாசலில் நின்றான். நிலைப்படியைத் தாண்டவில்லை.

"நீங்களா வெச்சீங்க?"

"ம்."

"எத்தன நாளு?"

"எழுவத்தேழு."

"கையால பிச்சி விடாதீங்க. அதுவா வரட்டும். ரெண்டு நாள் கூட ஆவும்." சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு மூச்சு வாங்கியது. நிலையைப் பிடித்துக்கொண்டான். "மூடுங்கம்மா. மூடிருங்க."

அவள் மூடினாள்.

"எல்லாத்தையும் நவ்சாத்கிட்ட கொடுத்துருங்க. எனக்கு வேணாம். பெட்டிக்குள்ள, தொட்டிக்குள்ள ஒண்ண வெச்சிப் பார்க்க என்னால முடியல."

தேன்மொழி கட்டிலில் உட்கார்ந்தாள். பதினைந்து மாதமும் இவனுக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். இப்போது இவனே வேண்டாமென்கிறான். கொடுத்துவிடலாம்தான். சாயங்காலமே நவ்சாத் வந்து எடுத்துப் போவான். நாளைக் காலையில் எழுந்தால் பின்கட்டில் துணி துவைக்கும் கல் மட்டும் இருக்கும். அதை நினைத்தபோதுதான், ரொம்ப நாளுக்குப் பிறகு, வேண்டாம் என்று ஏதோ ஒன்று அவளுக்குள் திடமாகச் சொன்னது.

"கொடுக்க மாட்டேன்" என்றாள்.

கவின் அவளைப் பார்த்தான்.

"நீ பார்க்க வேணாம். ஒன் கண்ணுல படாம வெச்சிக்கிறேன். ஆனா இருக்கட்டும். இது எனக்கு."

அவன் கூடத்துக்குப் போய்விட்டான்.

திங்கட்கிழமை முதல் குஞ்சு வெளியே வந்தது. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வயிற்றில் மஞ்சள் கருவின் பை இன்னும் ஒட்டியிருந்தது. அது உள்ளே இழுக்கும்வரை ஈரத்துணி விரித்த கிண்ணத்தில் வைத்தாள். மறுநாள் இரண்டாவது. மூன்றாவது முட்டை பத்து நாள் ஆகியும் அப்படியே கிடந்தது. நவ்சாத் வந்து பார்த்து, "இது வராதுக்கா" என்றான். திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டான். வேண்டாமென்றாள்.

கமலநாதன் பக்கவாட்டுச் சந்தில் தகரக் கூரை இறக்கிக் கொடுத்தான். தொட்டிகளை அங்கே மாற்றினார்கள். வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு குஞ்சுகளுக்கும் ஆழமில்லாத சின்னத் தட்டு, ஏறி உட்கார ஒரு கூரை ஓட்டுத் துண்டு. நவ்சாத் கேட்டும் அவள் குஞ்சுகளைக் கொடுக்கவில்லை. கவின் ஒரு மாதம் கழித்து அப்பாவோடு லாரியில் போக ஆரம்பித்தான். கண்ணாடியை இறக்கியே வைத்திருப்பான், மழை பெய்தாலும் ஏற்ற மாட்டான் என்று கமலநாதன் சொன்னான்.

ஒரு ஞாயிறு காலை தேன்மொழி சந்தில் குந்தி, காலியான தொட்டியின் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கவின் சந்தின் முனைக்கு வந்தான். தொட்டிகள் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி, மதில் கட்டையில் உட்கார்ந்தான்.

"அங்க ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் உக்காரணும்மா" என்றான் தெருவைப் பார்த்து. "எந்திரிச்சா அடி. பக்கத்துல ஒரு பையன். ஈப்போக்காரன். பேச விட மாட்டாங்க. அவன் பேருகூட ரெண்டு மாசம் கழிச்சித்தான் தெரிஞ்சிச்சி."

தேன்மொழி தேய்ப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான் என்று தோன்றியது. தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அவன் அந்த ஈப்போப் பையனைப் பற்றிச் சொன்னான். அவன் ஒரு நாள் மாடியிலிருந்து குதித்ததைச் சொன்னான். தாங்கள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் வேலையைப் பார்த்ததைச் சொன்னான். சத்தம் உயராமல், யாருக்கோ நடந்தது போலச் சொன்னான். அவளும் அப்படியே கேட்டுக்கொண்டாள். பிரஷ் பிடித்த விரல்கள் தோல் ஊறிச் சுருங்கிவிட்டன.

அவன் முடித்துவிட்டான் என்று தெரிந்ததும் தொட்டியைச் சாய்த்து அழுக்குத் தண்ணீரைக் கால்வாயில் ஊற்றினாள்.

"இன்னிக்கி இட்லிதான். ஊத்தட்டா?"

"ம்" என்றான். ஆனால் எழுந்து போகவில்லை. அவள் குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.